பிள்ளையைக் கடல் தாண்டிக் கூட்டிப் போகும் முன்

(ஆழ்வார்திருநகரியில் கூடிய நம் கூட்டமைப்புக் கூட்டத்தில், சட்ட விழிப்புணர்வுக் குழுவின் சார்பில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்.)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசி அரைமணி நேரம் சட்டம் பேசுவது நம் வழக்கம். இன்றைக்கு நாங்கள் பேசப்போவது ஒரு பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளை விசயத்தில் நாங்களே ஒரு தப்பு செய்தோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பட்ட பிறகு கற்றுக்கொண்டதை, நீங்கள் படாமலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்ல மாட்டோம். இரண்டு குடும்பத்திடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் இங்கே பேசுகிறோம்.

ஒரு புருசன் பெண்சாதி. மனசு ஒத்துப் போகாமல் இரண்டு வருசமாகத் தனித்தனியாக இருக்கிறார்கள். ஒரே ஒரு பெண் பிள்ளை, ஏழு வயசு. அம்மாவோடு ஆச்சி வீட்டில் இருந்து இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா வந்து கூட்டிப்போவார். பொழுது அடையும் முன்னே கொண்டுவந்து விட்டுவிடுவார். சண்டை இருந்தாலும் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா நர்சிங் படித்தவர். வளைகுடா நாடு ஒன்றில் அவருக்கு நல்ல வேலை கிடைத்தது. பிள்ளையையும் கூடக் கூட்டிப்போக நினைத்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ போகட்டும், எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு சங்கடம். அம்மாவைப் பெற்ற ஆச்சியும் நம் கூட்டமைப்பில் உறுப்பினர். அப்பாவைப் பெற்ற ஆச்சியும் நம் கூட்டமைப்பில் உறுப்பினர். குழு வேறே தவிர, கூட்டம் ஒன்றுதான். ஒரே பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதினவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள்.

நாங்கள் செய்த தப்பு

அம்மா வீட்டு ஆச்சி எங்களிடம் வந்து அழுதார். "அந்தப் பய பிள்ளைய தூக்கிட்டுப் போயிருவான்போல இருக்கு. நான் என்ன செய்யட்டும்?" என்றார். நாங்களும் யோசிக்காமல், "பிள்ளைய கொஞ்ச நாளைக்கு வெளியூர்ல சொந்தக்காரங்க வீட்டுல கொண்டு வைங்க. பள்ளிக்கூடம் எங்க ஓடிப்போகுது, பிறகு பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டோம். பாஸ்போர்ட் எடுக்க ஒருவர் யோசனை சொன்னார், "புருசன் இருக்குற இடம் தெரியாதுன்னு எழுதிக்குடுத்துருங்க" என்று. அதையும் நாங்கள் தடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். பிள்ளை இல்லை. வாசலில் நின்று சத்தம் போட்டார். அப்பா வீட்டு ஆச்சி மறுநாள் எங்கள் கூட்டத்துக்கே வந்து கேட்டார்: "நானும் உங்க சங்கத்துலதான இருக்கேன்? எம் பேத்திய ஒளிச்சு வைக்க நீங்களே வழி சொல்லலாமா?" எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் சட்ட உதவி மையத்துக்குப் போய் விசாரித்தோம். அங்கே தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

பிள்ளை யாருக்குச் சொந்தம்?

நம் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. "பிள்ளை என்னைக்கும் அப்பனுக்குத்தான்" என்பது ஒன்று. "பத்து மாசம் சுமந்தவளுக்குத்தான்" என்பது இன்னொன்று. சட்டம் இரண்டையும் அப்படியே ஏற்கவில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் அது கேட்கிறது.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 13-இல், பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்கிறது. ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 6 சொல்கிறது. பிள்ளையை யார் பொறுப்பில் விடுவது என்ற வழக்குக்கு 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இருக்கிறது. அது எல்லா மதத்தாருக்கும் பொது.

அம்மா கையெழுத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்பீர்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்கப் போனார். அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருக்கும்போதும், அவர் பொறுப்பெடுக்காத நிலையில் இருந்தால், அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தான் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கு நாம் தைரியமாகப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்றால் அந்தத் தீர்ப்புக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அம்மாவுக்கும் உரிமை உண்டு என்றால், அப்பாவுக்கு இல்லை என்று அர்த்தம் கிடையாது.

ஒளித்து வைத்தால் என்ன ஆகும்?

நாங்கள் சொன்ன யோசனை எவ்வளவு தப்பு என்பதைச் சென்னை வரை வந்த ஒரு வழக்கு எங்களுக்குக் காட்டியது.

அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு நம்மூர்த் தம்பதி பிரிந்தார்கள். பிள்ளை அமெரிக்காவில் பிறந்தவன். இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்வது என்று 2007-இல் அந்த ஊர் நீதிமன்றத்தில் சம்மதத்தோடு உத்தரவு ஆனது. அது ஆன சில நாட்களிலேயே அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். அப்பா நம் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று போலீசாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் சி.பி.ஐ. தேடி, 2009 அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தது. இடைப்பட்ட இரண்டு வருசமும் பிள்ளை ஊர் ஊராக மாறினான். ஒரே பள்ளியில் நிலையாகப் படிக்க முடியவில்லை.

2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை அமெரிக்காவுக்குத் திரும்பக் கூட்டிப்போகச் சொல்லி அந்த அம்மாவுக்கு உத்தரவிட்டது. அவருக்கும் பிள்ளைக்கும் பயணச் செலவையும் அங்கே தங்கும் வசதியையும் அப்பா செய்துகொடுக்க வேண்டும் என்றது. அந்த அம்மாவுக்கும் ஏதோ மனக்கஷ்டம் இருந்திருக்கும். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒளிந்து திரிந்த காலத்தில் அவர் பக்கத்து நியாயமும் சேர்ந்து மறைந்துபோனது.

எல்லா அம்மாக்களையும் நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. இங்கிலாந்திலிருந்து மகளோடு டெல்லிக்கு வந்துவிட்ட ஒரு அம்மாவின் வழக்கில் 2017-இல் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. அந்தப் பிள்ளைக்கு இருதயக் கோளாறு இருந்தது. பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு இருந்தும், பிள்ளையின் நலன்தான் பெரிது, வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளை அம்மாவோடு இங்கேயே இருக்கலாம் என்று விட்டது. ஆக, நியாயத்தை நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னால் கேட்கிறார்கள்.

கேட்டு வாங்கிப் போனவர்

அம்மா வேலைக்காக வெளிநாடு போனால் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா? வேண்டியதில்லை. புனேயைச் சேர்ந்த ஒரு அம்மாவுக்குப் போலந்து நாட்டில் வேலை கிடைத்தது. மகளுக்கு ஒன்பது வயது. அப்பா மறுத்தார். 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மகளைக் கூட்டிப்போக அனுமதி கொடுத்தது. பிள்ளை இருக்கிறது என்பதற்காக அம்மாவின் முன்னேற்றத்தைத் தடுக்க முடியாது என்றது. அதோடு நிற்கவில்லை. விடுமுறைக்குப் பிள்ளையை இந்தியாவுக்குக் கூட்டிவர வேண்டும், அப்பா பார்க்க வேண்டும் என்றும் எழுதியது.

2020-இல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவரைப் பார்க்கவும் பேசவும் அதற்கு உரிமை உண்டு. தூர தேசத்தில் இருந்தால் தினமும் ஐந்து பத்து நிமிசமாவது போனிலோ வீடியோவிலோ பேச வழி இருக்க வேண்டும் என்றது.

உத்தரவு இருந்தும் ஏமாந்த கதை

தாளில் எழுதி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. கென்யா நாட்டில் இருந்த ஒரு அப்பாவுக்கும் டெல்லியில் இருந்த அம்மாவுக்கும் வழக்கு. மகன் அப்பாவோடு கென்யா போகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிபந்தனை போட்டது. இதே உத்தரவைக் கென்யா நீதிமன்றத்திலும் பதிவு செய்து கொண்டுவர வேண்டும், அம்மா மகனைப் பார்க்க வழிவிட வேண்டும் என்றது. அப்பா சொன்னபடி நடக்கவில்லை. தன்னை ஏமாற்றிவிட்டார் என்று கண்டு 2021-இல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவையே திரும்ப எடுத்துக்கொண்டது. 2022-இல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஒரு வருடச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனால் ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறார்?

இங்கே ஒரு முக்கியமான விசயம். ஒரு நாட்டிலிருந்து தப்பாகக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு என்று 1980-இல் ஹேக் நகரில் ஒரு உலக ஒப்பந்தம் உண்டானது. சிங்கப்பூர், இலங்கை உட்பட 100-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தியா சேரவில்லை. அதனால் பிள்ளை நாட்டை விட்டுப் போன பிறகு திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. செய்ய வேண்டியதைப் பிள்ளை விமானம் ஏறும் முன்னே செய்ய வேண்டும். அப்பா கூட்டிப்போனாலும் இதுதான், அம்மா கூட்டிப்போனாலும் இதுதான்.

செய்ய வேண்டியவை

தோழிகளே, இதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பாஸ்போர்ட் வேறு, அனுமதி வேறு. பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணமாக அப்பா அம்மா இருவரும் சம்மதக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவர் சம்மதிக்காவிட்டால், காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதி உறுதிமொழி கொடுத்து மற்றவர் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதனால் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பொய்த் தகவல் கொடுப்பது 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்பதாலேயே மற்றவரின் உரிமை போய்விடாது.

2. பிள்ளை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்தப் பகுதி நீதிமன்றத்தில்தான் காப்பாளர் மனு போட வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே போடலாம். மனு நடக்கும்போது பிள்ளையை வெளிநாடு கொண்டுபோகக் கூடாது என்று தடை கேட்கவும் வழி உண்டு. அவசரம் என்றால், யாராவது பிள்ளையைத் தூக்கிப்போய் ஒளித்துவிட்டால், மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. ஆட்கொணர்வு மனு அங்கே போடலாம்.

3. அடி உதை இருக்கும் வீடானால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதுகாப்புக் கேட்கும்போதே பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் விடச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பயந்து ஓடி ஒளிவதற்குப் பதிலாகச் சட்டமே கொடுத்திருக்கும் கதவு இது.

4. சம்மதத்தோடு அனுப்புவதானாலும் வாய்ப் பேச்சு போதாது. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த நேரத்தில் வீடியோவில் பேசுவது, எந்த விடுமுறைக்கு வருவது, டிக்கெட் செலவு யாருடையது, வேலை போனால் என்ன செய்வது, எல்லாவற்றையும் எழுதி நீதிமன்ற உத்தரவாக வாங்க வேண்டும். போகும் நாட்டு நீதிமன்றத்திலும் அதைப் பதிவு செய்ய முடியுமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

5. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட அளவிலும், மாவட்டத்துக்குத் தூத்துக்குடியிலும் இதற்கு அமைப்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்களும் இருக்கின்றன.

கேட்க ஆள் வந்தபோது

நம் ஊர்க் கதை ஒன்று எல்லாருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து பேசாத பிள்ளையைப் பெற்றவர்கள் காரியாரும் உடையநங்கையாரும் ஆதிநாதர் கோயில் புளியமரத்தடியில் கொண்டுவந்து விட்டார்கள். பதினாறு வருசம் வாய் திறக்கவில்லை. மதுரகவியாழ்வார் வந்து ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் நம்மாழ்வார் பேசினார் என்பது ஐதீகம். உறங்காப்புளியைச் சுற்றி வரும்போதெல்லாம் நாம் இதைச் சொல்லித்தான் கும்பிடுகிறோம்.

இந்த ஏழு வயசுப் பிள்ளை விசயத்தில் எங்களுக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அம்மா பேசினாள், அப்பா பேசினார், இரண்டு ஆச்சியும் பேசினார்கள், சங்கத்தில் நாங்களும் பேசினோம். பிள்ளையிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனிக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருக்கிறது.

நாங்கள் அந்தப் பிள்ளையைத் திரும்ப வரவழைக்கச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டாரையும் சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப்போனோம். சமரசப் பேச்சு மூன்று தடவை நடந்தது. முதல் தடவை அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். இரண்டாம் தடவை அப்பா வீட்டு ஆச்சி, "நான் கண்ண மூடுறதுக்குள்ள பேத்திய பாக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். எதிரில் இருந்த சம்பந்தியம்மா அன்றைக்கு ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு பிள்ளையிடம் தனியாகப் பேசிய அதிகாரி, அவள் கேட்டதை எல்லாரிடமும் சொன்னார். அவள் அம்மா வேண்டும் என்றோ அப்பா வேண்டும் என்றோ சொல்லவில்லை. "லீவு விட்டா ஊருக்கு வருவேனா?" என்றுதான் கேட்டிருக்கிறாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் பெரியவர்கள் வேலை என்று அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது. பள்ளி ஆண்டு முடிந்த பிறகு போவது, பெரிய விடுமுறை முழுக்க ஊரில் இருப்பது, அதில் பாதி நாள் அப்பா வீட்டில் இருப்பது, வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் குறித்த நேரத்தில் வீடியோவில் பேசுவது, டிக்கெட்டை ஆளுக்குப் பாதியாக எடுப்பது என்று எழுதி, நீதிமன்ற உத்தரவாக வாங்கினார்கள். அப்பா மனசு முழுக்க ஒப்பிக் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல மாட்டோம். கை நடுங்கத்தான் போட்டார். ஆனாலும் போட்டார்.

இதுவரை ஒரு விடுமுறைதான் வந்திருக்கிறது. பிள்ளை வந்தாள். இரண்டு ஆச்சி வீட்டிலும் இருந்தாள். அடுத்த விடுமுறையும் இப்படியே நடக்க வேண்டும் என்று நாங்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறோம். இரண்டு ஆச்சிமார்களும் இப்போது கூட்டத்துக்கு வருகிறார்கள். இன்னும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள்.

நாம் எடுக்கும் தீர்மானம்

தோழிகளே, குழுக்கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மொத்தக் குழுவும் பதில் சொல்கிறோம். பிள்ளை விசயத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? நாங்கள் அப்படிச் செய்ததால்தான் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் இல்லாமல் வெளியூரில் இருந்தது.

அதனால் இன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். பிள்ளையை ஒளித்து வைக்கவோ, சொல்லாமல் கூட்டிப்போகவோ, பொய் எழுதிக் கொடுக்கவோ நம் கூட்டமைப்பில் யாரும் யோசனை சொல்லக் கூடாது. யார் வந்து அழுதாலும், எந்தப் பக்கத்து உறுப்பினராக இருந்தாலும், முதலில் சட்ட உதவி மையத்துக்குக் கூடப் போக நம்மில் இரண்டு பேர் வர வேண்டும். பஸ் காசு கூட்டமைப்பு நிதியிலிருந்து கொடுக்கலாம்.

சம்மதம் என்றால் தீர்மான நோட்டில் ஊக்குநரும் பிரதிநிதியும் முதலில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு எல்லாரும் போடலாம். கையெழுத்துப் போடத் தெரியாத ஆச்சிமார்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தீர்மானத்தை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு ரேகை வாங்குங்கள்.